கிராமப்புறத்தில் பார்மசி ரெசிடென்சி செய்தால் மட்டமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கி இங்கே போட்டுவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். அமெரிக்காவில் பார்ம்.டி. என்ற பார்மசிப் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு படிக்கிறீர்கள். படிப்பு முடிந்ததும் எடுக்கும் ஓராண்டுப் பயிற்சியான ரெசிடென்சிக்கு இரண்டு இடங்களில் நேர்காணல் முடிந்திருக்கிறது. ஒன்று பெருநகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனை. இன்னொன்று கிராமப்புற மருத்துவ அமைப்பு: 150 படுக்கை கொண்ட ஒரு மைய மருத்துவமனை, அதைச் சுற்றி நாலைந்து சின்ன மருத்துவமனைகள், சில கிளினிக்குகள். இடம் ஒதுக்கும் ‘மேட்ச்’ முறைக்குக் கொடுக்கும் விருப்பப் பட்டியலான ரேங்க் லிஸ்டில் எதை முதலில் போடுவது என்று கேட்கிறீர்கள். கூடவே, கோவையில் பார்ம்.டி. முடிக்கப்போகும் மாமா மகளுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன். உங்கள் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்ததில், ரேங்க் லிஸ்ட் ஒரு சாக்குதான் என்று தோன்றியது. “அங்கே போனால் அரைகுறைப் பார்மசிஸ்டாக வெளியே வருவேனோ, அப்புறம் ஐசியு பக்கம் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ” என்பதுதான் உள்ளே இருக்கிற பயம். அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் ரெசிடென்சி செய்தது நகரத்தில். அதற்குப் பிறகு இத்தனை வருடமாக வேலை பார்ப்பதும், ரெசிடென்ட்களுக்குப் பயிற்சி தரும் ப்ரிசெப்டராக இருப்பதும் கிராமப்புறத்தில். ஆகவே எனக்குச் சார்பு உண்டு, அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். ஐசியு சிறப்புப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் குழுவில் நான் உட்கார்ந்ததில்லை. அதைப் பற்றிச் சொல்வதெல்லாம் என்னிடம் பயின்றவர்கள் போன வழியைப் பார்த்துச் சொல்வது மட்டுமே.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். டாக்டர்களுக்குப் போல நமக்கு ரெசிடென்சி கட்டாயமில்லை. நாப்லெக்ஸ் என்ற உரிமத் தேர்வும் மாநிலச் சட்டத் தேர்வும் எழுதி உரிமம் வாங்கினால் வேலைக்குப் போய்விடலாம். மருத்துவமனையில் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கிற வேலை வேண்டும் என்பவர்கள்தான் இந்த ஓராண்டை எடுக்கிறார்கள். அதற்கு அங்கீகாரம் கொடுப்பது ஏ.எஸ்.ஹெச்.பி. என்ற பார்மசிஸ்ட்கள் சங்கம். அந்தச் சங்கத்தின் அளவுகோல் ஆயிரம் படுக்கை மருத்துவமனைக்கும் நூறு படுக்கை மருத்துவமனைக்கும் ஒன்றேதான். நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, சேர்ந்த 120 நாளுக்குள் உரிமம் வாங்கிவிட வேண்டும், ஒரு ப்ராஜெக்டை எடுத்து முடித்துக் காட்ட வேண்டும், எல்லாமே பொது. சான்றிதழில் கிராமம் என்று முத்திரை விழுவதில்லை. முடித்த கையோடு பி.சி.பி.எஸ். என்ற சிறப்புச் சான்றிதழ்த் தேர்வு எழுதத் தகுதி வந்துவிடும். ரெசிடென்சி செய்யாதவர் அதற்கு மூன்று வருட அனுபவம் காட்ட வேண்டும். ஆக, காகிதத்தில் இரண்டும் சமம். வித்தியாசமெல்லாம் நோயாளி வந்து நிற்கும்போதுதான்.

ஒரு மாரடைப்பை எடுத்துக்கொள்வோம். ஈசிஜியில் ஸ்டெமி, அதாவது இதய ரத்தக்குழாய் முழுக்க அடைபட்ட வகை. நகரத்து மருத்துவமனையில் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் இரண்டு மாடி தள்ளி இருக்கும். குழு தயாராகும், ரெசிடென்ட் ஹெப்பாரின் கணக்கைச் சரிபார்ப்பார், நோயாளி உள்ளே போய்விடுவார். சின்ன மருத்துவமனையில் கேத் லேப் கிடையாது. 120 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்கக்கூடிய இடத்துக்குக் கொண்டுபோக முடியாதென்றால், 30 நிமிடத்துக்குள் கட்டியைக் கரைக்கும் மருந்தை ஏற்றிவிட வேண்டும் என்பது வழிகாட்டுதல். பனி கொட்டி ஹெலிகாப்டர் கிளம்ப முடியாத ராத்திரியில் வேறு வழியே இல்லை. அந்த மருந்து டெனெக்டிப்ளேஸ். 2025 மார்ச்சிலிருந்து பக்கவாதத்துக்கும் எஃப்.டி.ஏ. இதை அனுமதித்திருக்கிறது. அதற்கு முன்பே பல இடங்களில் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 82 கிலோ எடையுள்ளவருக்கு மாரடைப்பு என்றால் 45 மில்லிகிராம். அதே ஆளுக்குப் பக்கவாதம் என்றால் 22.5. சரிபாதி. மாரடைப்புக்கென்று வாங்கி வைத்திருக்கும் குப்பியில் இருப்பதோ 50. பதற்றத்தில் மாரடைப்புக் கணக்கைப் பக்கவாதக்காரருக்குப் போட்டுவிட்டால் மூளையில் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். டெக்ஸ்ட்ரோஸ் ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் செலுத்தினால் மருந்து திரிந்து படிந்துவிடும், முதலில் சலைன் விட்டுக் கழுவ வேண்டும். எமர்ஜென்சி டாக்டர் நோயாளியைப் பார்ப்பார், நரம்பியல் டாக்டர் திரையில் பேசிக்கொண்டிருப்பார், நர்ஸ் இன்னொரு லைன் போட்டுக்கொண்டிருப்பார். டோஸை உரக்கச் சொல்லி, கலந்து, தேவைக்கு மேல் இருப்பதை ஊசிக்குள்ளேயே ஏற்றாமல் விடுகிற ஆள் பார்மசிஸ்ட். ரெசிடென்சியின் பிற்பாதியில் அந்த ஆள் நீங்கள், பக்கத்தில் நான் கைகட்டி நின்றுகொண்டிருப்பேன். நகரத்தில் இந்த அனுபவமே கிடைக்காது என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அந்த இடத்தில் நிற்க ஐசியு ரெசிடென்ட், எமர்ஜென்சி ரெசிடென்ட், ஃபெல்லோ என்று ஒரு வரிசையே இருக்கும்.

இன்னொன்று, பண்ணை நிலம் சூழ்ந்த ஊர்களுக்கே உரியது: ஆர்கனோபாஸ்பேட் பூச்சிக்கொல்லி விஷம். பாடத்தில் படித்திருப்பீர்கள், அட்ரோபின் கொடுத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை டோஸை இரட்டிப்பாக்கு, நெஞ்சில் சளி வற்றும்வரை நிறுத்தாதே என்று. அதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். 2, 4, 8, 16. கால் மணி நேரத்தில் 30 மில்லிகிராம். அவசர மருந்துகள் வைக்கும் கிராஷ் வண்டியில் இருப்பது ஒவ்வொன்றும் 1 மில்லிகிராம் ஊசி, அதுவும் ஒரு கைப்பிடி அளவு. அடுத்த கால் மணிக்கு எங்கிருந்து எடுப்பது? மருந்தகத்தில் பெரிய குப்பி எத்தனை, அறுவை அரங்கில் எத்தனை, பக்கத்து மருத்துவமனை எத்தனை மைல், நரம்பு நச்சுக்கு மாற்றுமருந்து சேமித்து வைக்கும் அரசின் கெம்பேக் பெட்டியைத் திறக்க யாருக்கு ஃபோன் போடுவது? விடை தெரிந்தவராக அந்த அறையில் ஒருவர் இருக்க வேண்டும். இதை நான் ரெசிடென்ட்களுக்கு முதல் மாதமே வீட்டுப்பாடமாகக் கொடுப்பேன். தலையைச் சொறிந்துகொண்டு அலமாரி அலமாரியாக எண்ணுவார்கள்.

அந்த எண்ணிக்கை வேலையைக் குமாஸ்தா வேலை என்று நினைக்காதீர்கள். கிராமப்புறத்தில் கிளினிக்கல் முடிவும் இருப்பு முடிவும் ஒன்றுதான். கிலுகிலுப்பை விரியன் (ராட்டில்ஸ்னேக்) கடிக்குக் கொடுக்கும் விஷமுறிவு மருந்தான க்ரோஃபேப் முதல் டோஸே 4 முதல் 6 குப்பி. ஒரு குப்பி ஆயிரக்கணக்கில் விலை. கோடை முழுக்க ஒருவரும் வராமல் காலாவதியாகிப் போகலாம். ஆறு குப்பி வைப்பதா, முதல் டோஸை ஏற்றி ஹெலிகாப்டரில் அனுப்பினால் போதும் என்று நாலோடு நிறுத்துவதா? மருந்துக் குழுவில் இதை வாதாடுவது ரெசிடென்ட்டின் வேலை, எதிரில் உட்கார்ந்திருப்பவர் நிதி அதிகாரி. பெரிய மருத்துவமனையில் இந்த வாதம் உங்கள் காதுக்கே வராமல் நான்கு அடுக்கு மேலே முடிந்துவிடும். குறைந்த விலையில் மருந்து வாங்க வழிசெய்யும் 340பி திட்டமும் அப்படித்தான். 1992-ல் வந்த அந்தச் சட்டம் இல்லையென்றால் பல சின்ன மருத்துவமனைகளில் கீமோதெரபி நாற்காலியே இருக்காது. அதன் நெளிவுசுளிவுகளைப் படித்துக்கொண்டு வெளியே வரும் ரெசிடென்ட்டை மருந்தக இயக்குநர்கள் விடமாட்டார்கள்.

ஆன்டிபயாடிக் மேற்பார்வையும் உங்கள் கைக்கு வரும். 2020 முதல் மிகச்சிறிய மருத்துவமனைகளும் அதற்கென ஒரு திட்டம் நடத்தியாக வேண்டும் என்பது முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் விதி. தொற்றுநோய் டாக்டர் இருக்கமாட்டார், இருந்தால் வாரத்துக்கு ஒருமுறை வீடியோவில் வருவார். நடைமுறையில் நடத்துவது பார்மசிஸ்ட். கிளினிக் பக்கம் இன்னும் நன்றாக இருக்கும். டாக்டரோடு எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு இன்சுலினை ஏற்றி இறக்குவது, வார்ஃபரின் பார்ப்பது, ரத்த அழுத்த மாத்திரையை மாற்றுவது எல்லாம் பார்மசிஸ்டே செய்யலாம். எவ்வளவு தூரம் செய்யலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. நியூ மெக்சிகோ 1993-லேயே மருந்து எழுதும் அதிகாரத்துக்கு வழிசெய்தது. கிராமப்புற ரெசிடென்சிகள் பலவற்றில் கிளினிக்கை ஒரு மாத ரொட்டேஷனாகத் தராமல் வாரத்தில் ஒரு நாள் என்று ஆண்டு முழுக்க வைப்பார்கள். செப்டம்பரில் 11 இருந்த ஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) மே மாதம் எங்கே நிற்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். எனக்குக் கேட்டால், ஒரு மாத ரொட்டேஷனில் கிளினிக் வேலை கற்றுக்கொள்ளவே முடியாது.

சரி, எதை இழப்பீர்கள்? நிறையவே. உறுப்பு மாற்று சிகிச்சை இருக்காது. இதய, நுரையீரல் வேலையை இயந்திரம் செய்யும் எக்மோ இருக்காது. குழந்தைகள் ஐசியு, பெரிய தீக்காயப் பிரிவு, எலும்பு மஜ்ஜை மாற்று எதுவும் இருக்காது. ஐசியு இருக்கும், ஆனால் மிகவும் மோசமானவர்கள் அங்கிருந்து மாற்றப்பட்டுவிடுவார்கள். மூன்றாவது நாள், ஐந்தாவது நாள் என்ன ஆயிற்று என்று பார்க்க ஆள் இருக்காது. இது சாதாரண இழப்பு இல்லை. முதல் ஒரு மணி நேரத்தில் கெட்டிக்காரராகிவிடுவீர்கள், பத்தாவது நாளின் சிக்கல்களில் தடுமாறுவீர்கள். ப்ராஜெக்டுக்கு நோயாளி எண்ணிக்கை போதாது. ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளியிடுவதைவிட நடைமுறையைச் சீர்செய்யும் வேலையாகத்தான் பெரும்பாலும் அமையும். கூட இருக்கும் ரெசிடென்ட்கள் ஒன்றிரண்டு பேர்தான். நள்ளிரவில் புலம்ப ஆள் வேண்டும் என்பவர்களுக்கு அது பெரிய குறை.

இனி நீங்கள் பயப்படும் இரண்டாம் ஆண்டுச் சிறப்புப் பயிற்சி. உறுதியாகச் சொல்லக்கூடியது இரண்டு. அங்கீகாரம் பெற்ற, அல்லது அங்கீகாரத்துக்கு வேட்பாளராக உள்ள எந்த முதலாண்டு ரெசிடென்சியும் விதிப்படி போதும், கிராமம் என்று தள்ள முடியாது. அதே சமயம், சொந்தமாக ஐசியு இரண்டாம் ஆண்டு வைத்திருக்கும் பெரிய மருத்துவமனை தன் முதலாண்டு ரெசிடென்ட்டையே மேட்சுக்கு முன்னால் முன்கூட்டி ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சில இடங்கள் அந்த வழியிலேயே நிரம்பிவிடும், வெளியாட்களுக்கு வரவே வராது. உங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பாதகம் இதுதான், மதிப்புக் குறைவு அல்ல. உறுதியில்லாதது: தேர்வுக் குழுக்கள் மனதுக்குள் ஊர்ப்பெயரைப் பார்த்துப் புள்ளி குறைக்கிறார்களா என்பது. என்னிடம் பயின்றவர்களில் எமர்ஜென்சிக்கும் ஆம்புலேட்டரி கேர் என்ற வெளிநோயாளிப் பிரிவுக்கும் போனவர்கள் சிரமப்படவில்லை. ஐசியுவுக்கு முயன்றவர்கள் அதிக இடங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கையளவு ஆட்களை வைத்துச் சொல்கிறேன், விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உறுப்பு மாற்று அல்லது புற்றுநோய்தான் என் வழி என்று இப்போதே நிச்சயமாகத் தெரிந்தால் நகரத்துக்குப் போங்கள், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஐசியு “பிடிக்கும்போல் இருக்கிறது” என்ற அளவில்தான் என்றால், அதற்காக மட்டும் கிராமத்தைத் தள்ளாதீர்கள்.

இதுவரை சொன்ன நல்லதெல்லாம் ஒரே ஒரு நிபந்தனையின்மேல் நிற்கிறது. அந்த இடத்துக்கு வேண்டியது பயிலும் ஆளா, குறைந்த சம்பளத்துக்கு ஷிஃப்ட் நிரப்பும் ஆளா? ரெசிடென்ட்டுக்கு ஆண்டுக்கு 50,000 டாலருக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். முழுப் பார்மசிஸ்டுக்கு 1,30,000-ஐத் தாண்டும். ஊருக்கு வர ஆள் கிடைக்காமல் தவிக்கும் மருத்துவமனைக்கு இந்த இடைவெளி பெரிய சபலம். போதாததற்கு, மருத்துவமனையே நடத்தும் முதலாண்டு ரெசிடென்சிச் செலவில் தன் நோயாளிகளின் பங்குக்கு ஏற்ப ஒரு பகுதியை மெடிகேர் திருப்பித் தருகிறது. இரண்டாம் ஆண்டுக்கு அந்தப் பணம் 2003-லேயே நின்றுபோனது. நல்ல இடங்கள் இந்தப் பணத்தைக் காட்டித்தான் நிர்வாகத்திடம் ப்ரிசெப்டர்களுக்கு நேரம் வாங்குகின்றன. மோசமான இடங்களில் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. தனியாக நிற்க விடுவது பயிற்சி, பின்னால் ஆளில்லாமல் தனியாக நிற்க விடுவது சுரண்டல். உள்ளே நிற்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அதனால் அவர்களுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், இதில் கூச்சம் வேண்டாம். மாலை ஷிஃப்டில் ரெசிடென்ட் தனியாக இருக்கும்போது சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது, கடைசியாக எப்போது யார் கூப்பிட்டார்? ராத்திரி ஆர்டர்களை வெளியூர் நிறுவனம் கணினி வழியே சரிபார்க்கிறதா, காலையில் அதை யார் மறுபடி பார்க்கிறார்? மாதத்தில் எத்தனை வார இறுதி? ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் ஷிஃப்ட் ரெசிடென்ட் தலையில் விழுமா? ரெசிடென்சி இயக்குநர் எத்தனை வருடமாக இருக்கிறார்? முதலாண்டு ரெசிடென்சி மட்டும் முடித்தவர் இயக்குநராக மூன்று வருட அனுபவம் வேண்டும், அதனால் கிராமத்தில் ஒருவர் போனால் மாற்று ஆள் கிடைப்பது லேசில்லை. நடுவில் இயக்குநர் மாறிய ஆண்டு ரெசிடென்ட்டுக்குப் பாழ். முக்கியமாக, போன வருட ரெசிடென்ட்டோடு தனியாகப் பேச எண் கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். மருத்துவமனையின் நிதி நிலைமையையும் விசாரியுங்கள். 2010 முதல் இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடியிருக்கின்றன அல்லது உள்நோயாளிப் பிரிவை நிறுத்தியிருக்கின்றன. சுற்றியுள்ள சின்ன மருத்துவமனைகள் “கிரிட்டிக்கல் ஆக்சஸ்” வகையா என்று கேளுங்கள். 25 படுக்கைக்குள் உள்ள அவற்றுக்கு மெடிகேர் செலவுக் கணக்கின்படி, சட்டத்தில் 101 சதவீதம், பணம் தருகிறது. அதனால் மட்டுமே கவலையில்லை என்றாகாது, கொஞ்சம் மூச்சுவிட இடம் உண்டு.

கடன் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாப நோக்கமற்ற மருத்துவமனை என்றால் ரெசிடென்சி மாதங்களும் பொதுச்சேவைக் கடன் தள்ளுபடியின் 120 தவணையில் சேரும், இது நகரத்துக்கும் பொருந்தும். முடித்தபின் கிராமத்திலேயே இருந்தால், போதைப்பழக்கச் சிகிச்சை தரும் தகுதியான இடங்களில் வேலை செய்யும் பார்மசிஸ்ட்களுக்குத் தேசிய சுகாதார சேவைப் படையின் தனித் திட்டம் உண்டு, மூன்று வருடச் சேவைக்கு 1,00,000 டாலர் அளவுக்கு. விண்ணப்பிக்கும் ஆண்டில் விதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். வாழ்க்கை பற்றி: கார் கட்டாயம், பனிக்காலத்தில் விடியற்காலை ஐம்பது மைல் ஓட்டத் தயாராக இருங்கள், சாலையில் மான் குதிக்கும். கருவேப்பிலைக்கு மூன்று மணி நேரம் போக வேண்டியிருக்கலாம். துணைக்கு வேலை கிடைக்குமா என்பதை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நான் பார்த்தவரை நல்ல பார்மசிஸ்ட்களைக் கிராமம் இழப்பது அதனால்தான்.

மாமா மகள் விஷயம். “கிராமம் என்றால் விசா சுலபம்” என்று அவர் கேள்விப்பட்டது டாக்டர்களுக்கான கான்ராட் விசாச் சலுகைத் திட்டம். மாநிலத்துக்கு 30 இடம், டாக்டர்களுக்கு மட்டும். பார்மசிஸ்டுக்குக் கிடையாது. ரெசிடென்சிக்கு அவர் வெளிநாட்டில் பார்மசி படித்தவர்களுக்கான எஃப்.பி.ஜி.இ.சி. சான்றிதழ் வாங்க வேண்டும்: படிப்பு ஆவணங்கள், டோஃபெல், அப்புறம் ஒரு தகுதித் தேர்வு. 2003 முதல் பட்டம் பெற்றவர்களுக்குக் குறைந்தது ஐந்தாண்டுப் பார்மசி படிப்பு வேண்டும் என்பதால் நம் ஊர் நான்காண்டு பி.ஃபார்ம் மட்டும் போதாது. அவருடைய ஆறாண்டு பார்ம்.டி. அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது. ஆனால் பெரும்பாலான ரெசிடென்சிகள் விசாவுக்கு ஸ்பான்சர் செய்வதில்லை என்று விளம்பரத்திலேயே போட்டிருப்பார்கள். அதில் வழி உண்டா என்பது என் வேலைக்கு அப்பாற்பட்டது, குடியேற்ற வழக்கறிஞரைத்தான் கேட்க வேண்டும். சான்றிதழுக்குப் பணம் கட்டும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

ரேங்க் லிஸ்டுக்கு வருவோம். “நகரம் என்னை எடுக்காது என்று தெரிந்தால் கிராமத்தை மேலே போடலாமா” என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். இந்த மேட்ச் விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்கிப் பொருத்துகிறது. முதலிடத்தில் கிடைக்காவிட்டால் அடுத்ததில் உங்களுக்குள்ள வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. எங்கே போக உண்மையாக ஆசையோ அதை மேலே போடுங்கள், போகவே விருப்பமில்லாத இடத்தைப் போடாதீர்கள், ஏனென்றால் பொருந்திவிட்டால் கட்டுப்பட வேண்டும். முதல் சுற்றில் விழாவிட்டால் இரண்டாம் சுற்று உண்டு, அதில் கிராமப்புற இடங்கள் கணிசமாக இருக்கும். லிஸ்ட் மூடும் தேதி மார்ச் தொடக்கத்தில் வரும். போன வருட ரெசிடென்ட்டோடு பேசிவிட்டுப் போடுங்கள், அவர் சொன்னதை இங்கே எழுதினால் அதைப் பற்றியும் என் அபிப்பிராயம் சொல்கிறேன்.